103-க்கு வீட்டுக்கு அனுப்பினார்கள், 100.6-க்கு அட்மிட் செய்தார்கள்: எது சரி?

கேள்வி: என் மகளுக்கு 14 மாதம். எடை 9 கிலோ. மூன்று நாளாகக் காய்ச்சல், நேற்று இரவு 103 வரை போனது. சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இல்லை. எங்கள் டாக்டர் காது, தொண்டை பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார், உடுப்பைக் கழற்றச் சொல்லி உடம்பு முழுக்கப் பார்த்தார். பிறகு பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்து, சிறுநீர் பரிசோதனைக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். ரத்தப் பரிசோதனையும் இல்லை, ஆன்டிபயாட்டிக்கும் இல்லை. இதே வாரம் என் தங்கையின் 19 நாள் குழந்தைக்கு 100.6 தான் இருந்தது. உடனே அட்மிட் செய்து ரத்தம், சிறுநீர், முதுகுத் தண்டிலிருந்து நீர் என்று எல்லாம் எடுத்துவிட்டார்கள். எங்கள் டாக்டர் அலட்சியமாக இருக்கிறாரா, இல்லை அந்த மருத்துவமனை தேவையில்லாமல் பயமுறுத்துகிறதா? இது பல் முளைக்கிற காய்ச்சல்தான் என்கிறார் மாமியார். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிடுமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. இரண்டு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கலாமா?

பதில்: இரண்டு இடத்திலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். சின்னக் குழந்தையின் காய்ச்சலில் நாங்கள் முதலில் கேட்பது "எத்தனை டிகிரி?" என்று அல்ல, "எத்தனை நாள் குழந்தை?" என்றுதான். அடுத்து, குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். தெர்மாமீட்டர் காட்டும் எண்ணுக்கு மூன்றாவது இடம்தான். பெற்றோருக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிவதால்தான் உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது.

முதலில் தங்கையின் குழந்தை. பிறந்து மூன்று மாதம் முடிவதற்குள் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ் தொட்டாலே அது அவசரம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வயதில் எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுதாக வேலை செய்யத் தொடங்கவில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிக்கொள்ளும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ. கோலை போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போய்விடலாம். முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு வரும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குப் பாக்டீரியா தொற்று இருக்கிறது. பெரும்பாலும் அது சிறுநீர்ப் பாதையில்தான். ஆனால் ரத்தத்திலோ மூளை உறையிலோ தொற்று இருக்கிற அந்தச் சிலரை வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வயதுக் குழந்தையிடம் நான் நம்புகிற அடையாளங்கள் சிரிப்பு, முகம் பார்ப்பது, பொம்மைக்குக் கை நீட்டுவது. 19 நாள் குழந்தைக்கு இவை எதுவும் இன்னும் வரவில்லை. முகம் பார்த்துச் சிரிக்கவே ஆறு வாரம் ஆகும். பார்த்துத் தெரியாததைப் பரிசோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி, நன்றாகத் தோற்றமளிக்கும் குழந்தைகளைக்கூட 8 முதல் 21 நாள், 22 முதல் 28 நாள், 29 முதல் 60 நாள் என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதல் பிரிவில் பேரமே கிடையாது: ரத்தம், சிறுநீர், முதுகுத் தண்டு நீர் மூன்றும் எடுத்து, மருத்துவமனையில் வைத்து ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும். வயது கூடக் கூடச் சலுகையும் கூடுகிறது. இரண்டாவது மாதத்தில் இருக்கும் குழந்தைக்குச் சிறுநீரும் ரத்த அளவுகளும் நன்றாக இருந்தால், ஊசி குத்தி முதுகு நீர் எடுக்காமலேயே கவனமாகக் கண்காணிக்கலாம். தங்கையின் குழந்தை முதல் பிரிவில் இருக்கிறது. கல்ச்சர் பரிசோதனையில் 24 முதல் 36 மணி நேரம் வரை கிருமி எதுவும் வளரவில்லை, குழந்தையும் நன்றாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதுகில் ஊசி என்றதும் குழந்தை முடங்கிவிடுமோ என்று உங்கள் வீட்டில் யாராவது பயந்திருப்பார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் அந்த ஊசி போகிறது. நீங்கள் நினைப்பதைவிட அது சின்ன வேலை.

தங்கையிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லுங்கள். வீட்டில் அளந்தபோது காய்ச்சல் இருந்து, மருத்துவமனை போய்ச் சேர்ந்ததும் இல்லாமல் போனாலும் அது காய்ச்சல்தான், கணக்கில் வரும். போகிற வழியில் பாராசிட்டமால் கொடுத்து எண்ணைக் குறைத்துக்கொண்டு போக வேண்டாம். அப்புறம், இந்த வயதில் உடம்பு சில்லிட்டுப் போவதும் ஆபத்துதான். 96.8-க்குக் கீழே இறங்கி, நன்றாகப் போர்த்தியும் ஏறவில்லை, பால் குடிக்கவும் மறுக்கிறது என்றால் காய்ச்சலுக்கு ஓடுகிற அதே வேகத்தில் ஓட வேண்டும். இது பலருக்குத் தெரியவே தெரியாது.

இனி உங்கள் மகள். உங்கள் டாக்டர் "காது, தொண்டை பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதற்குள் நிறைய நடந்திருக்கிறது. குழந்தை உள்ளே வந்த நொடியிலேயே பரிசோதனை தொடங்கிவிடுகிறது. உங்கள் மடியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாளா, துவண்டு தோளில் சாய்ந்திருக்கிறாளா? டாக்டரைப் பார்த்ததும் பயந்து கத்தினாளா? கத்தியிருந்தால் மிகவும் நல்லது. கணீரென்று அழுது, நீங்கள் தூக்கியதும் அடங்கிய குழந்தை எனக்குப் பாதி நிம்மதியைக் கொடுத்துவிடும். முனகலாக, பலமில்லாமல், தூக்கினாலும் அடங்காமல் அழுகிற குழந்தைதான் கவலை. அதன் பிறகு தோலின் நிறம், மூச்சின் வேகம். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒரு வயதைத் தாண்டியவர்களுக்கு 40 என்பதைத் தொட்டால் நுரையீரலைச் சந்தேகிப்போம். விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குகிறதா என்றும் பார்ப்போம். நெஞ்சில் விரலை ஐந்து நொடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் திரும்பச் சிவக்க மூன்று நொடி ஆகக் கூடாது. அவ்வளவு நேரம் எடுத்தால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று அர்த்தம். உடுப்பைக் கழற்றிப் பார்த்தது தடிப்புகளுக்காக. கை கால்களை எல்லாம் ஆட்டுகிறாளா என்று பார்ப்பது மூட்டிலோ எலும்பிலோ தொற்று இருந்தால் அந்தக் காலை அசைக்க மாட்டாள் என்பதற்காக. இத்தனையும் ஐந்தாறு நிமிடத்தில் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும், பார்ப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் இந்த அடையாளங்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று போக்குவரத்து விளக்கு போலவே வகுத்து வைத்திருக்கிறது. அதில் 38 டிகிரி என்பது மூன்று மாதத்துக்குள் சிவப்பு. மூன்று முதல் ஆறு மாதம் வரை 39 டிகிரி, அதாவது 102.2, மஞ்சள். ஆறு மாதத்துக்கு மேல் காய்ச்சலின் அளவை மட்டும் வைத்து நிறம் தருவதில்லை. உங்கள் மகளுக்கு 103 இருந்தும் டாக்டர் பதறாததற்குக் காரணம் இதுதான். வைரஸ் காய்ச்சலே 104 வரை போகும். மோசமான பாக்டீரியா தொற்று 101-இல் நிற்கும். பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கினால் வைரஸ், இறங்காவிட்டால் பாக்டீரியா என்று ஒரு கணக்கு உலவுகிறது. அது தப்பு. இரண்டிலும் இறங்கும், இரண்டிலும் இறங்காமலும் இருக்கும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் குழந்தை கொஞ்சமாவது விளையாடுகிறதா என்பது அந்த எண் இறங்குவதைவிட உபயோகமான செய்தி.

சிறுநீர் பரிசோதனைதான் உங்கள் டாக்டர் கவனமானவர் என்று எனக்குச் சொல்கிறது. சளி இல்லை, இருமல் இல்லை, காதும் தொண்டையும் சுத்தம். இப்படிக் காரணம் தெரியாத காய்ச்சலோடு வரும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் இருபதில் ஒன்றுக்குச் சிறுநீரில் தொற்று இருக்கும். பெண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். இந்த வயதில் "எரிகிறது" என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். கண்டுபிடிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் தழும்பு விழலாம்.

ஆனால் அந்தச் சிறுநீரை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஒட்டுகிற பை வைத்துப் பிடிப்பது சுலபம்தான், தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் அதில் கலந்துவிடும். பையில் பிடித்த சிறுநீர் சுத்தமாக இருந்தால் "தொற்று இல்லை" என்று பெரும்பாலும் நம்பலாம். தொற்று என்று வந்தால் நம்ப முடியாது, வேறு முறையில் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். நல்லது என்னவென்றால், தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் மடியில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறந்த சுத்தமான குப்பியோடு காத்திருந்து, போகும்போதே நேரடியாகப் பிடிப்பது. பொறுமை வேண்டும். அடிவயிற்றில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சுத்துணியால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால் பல குழந்தைகள் சீக்கிரம் போய்விடும். அதுவும் முடியாவிட்டால் மருத்துவமனையில் மெல்லிய குழாய் வைத்து எடுப்பார்கள், ஒரு நிமிட வேலை. பிடித்ததை உடனே கொடுத்துவிடுங்கள். தாமதமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் இருக்கிற ஒன்றிரண்டு கிருமியும் பெருகிப் பொய்யான முடிவு வரும்.

ஆன்டிபயாட்டிக் கொடுக்காததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு வேளை கொடுத்துவிட்டாலே சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். தொற்று இருந்ததா, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. "எதற்கும் ஒரு ஆன்டிபயாட்டிக் இருக்கட்டும்" என்று கேட்டு வாங்குகிற பெற்றோரும், கேட்டதும் எழுதித் தருகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற பாட்டிலைத் திறந்துவிடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை ஏன் இல்லை? ஒரு காலத்தில் இதே வயதில், இதே 103-ஓடு வந்த குழந்தைகளில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை ரத்தத்தில் பாக்டீரியா இருந்தது. அப்போது எல்லோருக்கும் ரத்தம் எடுத்தோம். ஹிப் தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் வந்த பிறகு, அவற்றை முறையாகப் போட்ட குழந்தைகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் டாக்டர் தடுப்பூசி அட்டையைக் கேட்டிருப்பார். அந்த இரண்டும் விட்டுப்போயிருந்தால் அவரிடம் மறுபடி பேசுங்கள், கணக்கு மாறும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனை காய்ச்சல் தொடங்கிய முதல் 12 மணி நேரத்தில் நார்மலாகவே காட்டக்கூடும். முதல் நாளே ஓடிப்போய் எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பல் விஷயம். பல் முளைக்கும்போது உடம்பு லேசாகக் கதகதக்கலாம். 100.4-ஐத் தாண்டி, அதுவும் 103-க்கு, பல் கொண்டுபோகாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயது வரை ஏதோ ஒரு பல் முளைத்துக்கொண்டேதான் இருக்கும், அதே காலத்தில்தான் குழந்தைக்கு அடிக்கடி தொற்றும் வரும். இரண்டும் ஒன்றாக நடப்பதால் பழி பல்லின் மேல் விழுகிறது. மாமியாரோடு சண்டை வேண்டாம், சிறுநீரை மட்டும் கொடுத்துவிடுங்கள்.

மூளைக்கு ஏறுவது பற்றி: தொற்றினால் வரும் காய்ச்சலை மூளையே ஒரு அளவுக்கு மேல் விடாது. 103, 104 மூளையைக் கெடுக்காது. வெயிலில் பூட்டிய காருக்குள் குழந்தையை விடுவது போன்ற சமயங்களில் உடம்பு 107-ஐத் தாண்டும்போதுதான் அந்த ஆபத்து. நீங்கள் பயப்படுவது உண்மையில் வலிப்பு என்றால், அது வேறு கதை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருகிறது. பார்க்கப் பதறும், ஆனால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும், மூளையில் சேதம் விடாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணி பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். சீக்கிரமே நின்றாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல் மருந்தை மணி தவறாமல் கொடுத்து வலிப்பைத் தடுக்க முடியாது, பல ஆய்வுகளில் பார்த்தாயிற்று. எனவே ராத்திரியில் தூங்குகிற குழந்தையை எழுப்பி மருந்து புகட்ட வேண்டியதில்லை.

மருந்து எதற்கென்றால், குழந்தையின் உடம்பு வலியும் சிணுங்கலும் குறைந்து நாலு வாய் குடிப்பதற்கு. 102-இல் ஓடி விளையாடுகிறாள் என்றால் மருந்தே வேண்டாம். கொடுப்பதென்றால் வயதைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்து: பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 9 கிலோவுக்கு 120 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். 5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மில்லி. 5 மில்லியில் 250 மி.கி. உள்ளதென்றால் 2.4 மில்லி. 1 மில்லியில் 100 மி.கி. உள்ள டிராப்ஸ் என்றால் 1.2 மில்லி மட்டுமே. டிராப்ஸைச் சிரப் என்று நினைத்து 5 மில்லி கொடுத்தால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும், கல்லீரல் தாங்காது. குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும்.

பாராசிட்டமாலையும் இபுப்ரொஃபெனையும் மாற்றி மாற்றிக் கொடுப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. தூக்கம் கெட்ட இரவில் எதை எப்போது கொடுத்தோம் என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குழம்பி, இரண்டு பேரும் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. ஒரே மருந்தில் நில்லுங்கள். அது கொடுத்தும் குழந்தை மிகவும் அவதிப்பட்டால் மட்டும் டாக்டரைக் கேட்டு இபுப்ரொஃபென் சேர்க்கலாம், அதையும் காகிதத்தில் நேரம் எழுதிவைத்து. ஆறு மாதத்துக்குள் அது வேண்டாம். குழந்தை சரியாகக் குடிக்காதபோதும், சின்னம்மை இருக்கும்போதும், டெங்கு பரவுகிற இடத்திலும் காலத்திலும் வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினைக் குழந்தைக்கு எந்தக் காய்ச்சலுக்கும் கொடுக்கக் கூடாது. ஈரத்துணி ஒத்தடத்தை வழிகாட்டிகள் கைவிட்டுவிட்டன, குழந்தை நடுங்கி அழுவதுதான் மிச்சம். இரண்டு போர்வை சுற்றுவதும் தப்பு. மெல்லிய உடுப்பு போதும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை, நாள் எண்ணுவது. இன்று மூன்றாம் நாள். நாளையோ மறுநாளோ காய்ச்சல் சட்டென்று இறங்கி, அதே சமயம் நெஞ்சிலும் முதுகிலும் இளஞ்சிவப்புத் தடிப்புகள் வந்தால் அது ரோசியோலா என்ற வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம். உங்கள் மகளின் வயதில் அது ரொம்ப சகஜம். (நடுவில் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அந்தத் தடிப்பை மருந்து அலர்ஜி என்று வாழ்நாள் முழுக்க எழுதிவைத்துவிடுவார்கள்.) ஐந்தாம் நாளும் காய்ச்சல் நீடித்தால், அவள் விளையாடிக்கொண்டிருந்தாலும் திரும்பக் காட்ட வேண்டும். பீளை இல்லாமல் இரண்டு கண்ணும் சிவப்பது, உதடு வெடித்துச் சிவப்பது, கை கால் வீக்கம், கழுத்தில் கட்டி, உடம்பில் தடிப்பு இவற்றில் சில சேர்ந்தால் கவாசாகி நோயை நினைப்போம். 1967-இல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி முதலில் விவரித்தது. இதயத்தின் ரத்தக் குழாயைத் தாக்கும், பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலும் புதிதாகப் பார்க்க வேண்டும். டெங்கு இருக்கும் பகுதியில் வசிப்பவர்கள், காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் அதிகம் உஷாராக இருக்க வேண்டும்.

நாள் எண்ணிக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. எழுப்பினால் எழாமல் துவண்டு கிடப்பது, மூச்சு முட்டுவது அல்லது மூச்சோடு முனகுவது, உதடு நீலமாவது, எட்டு மணி நேரமாக டயப்பர் நனையாமல் இருப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது, கழுத்து விறைப்பது, பச்சையாக வாந்தி. கண்ணாடி டம்ளரை அழுத்திப் பார்த்தும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். இதில் எதுவும் இல்லை, ஆனாலும் "இவள் வழக்கமாகக் காய்ச்சலில் இருப்பது போல இல்லை" என்று உங்களுக்கு உறுத்தினால் அதையே காரணமாகச் சொல்லிக் காட்டுங்கள். அம்மா இப்படிச் சொன்னால் நாங்கள் அதை எழுதிக்கொள்வோம், அதற்கு மதிப்பு உண்டு.

தெர்மாமீட்டர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஈரம் துடைத்த அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்து, சத்தம் வரும் வரை காத்திருங்கள். அக்குளில் வருவது உள் உடம்பின் சூட்டைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். அதனால் தங்கையின் குழந்தைக்கு அக்குளில் 99-ஐத் தாண்டினாலே மருத்துவமனையில் உறுதிசெய்துகொள்வது நல்லது. அந்தக் குழந்தை இப்போது நல்லபடியாக வீடு திரும்பினாலும், மூன்று மாதம் முடிவதற்குள் மறுபடி 100.4 வந்தால் "போன தடவைதான் எல்லாம் பார்த்தாயிற்றே" என்று இருந்துவிடக் கூடாது. மறுபடியும் நேரே மருத்துவமனைக்குத்தான்.